விட்டவர் வந்தால்தான் வண்டி

மார்ச் 9

அன்பு மருமகளுக்கு,

மாமா சொல்கிறேன், மாவு மில்லம்மா எழுதுகிறாள். நானும் உன் மகள் வாலுவும் நன்றாக இருக்கிறோம். நான் பெற்ற உன் வீட்டுக்காரனும் நன்றாக இருக்கிறான். அவன் நன்றாக இல்லாத நாள் எது?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் வீட்டுக்காரன் கையில் இருக்கிறது. பேசு என்று என் காதில் வைக்கிறவன், ஸ்பீக்கரையும் போட்டுவிடுகிறான். அப்படிப் பேசும்போது 'சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்' என்பதற்கு மேல் என்ன வரும்? அதனால்தான் மில்லுக்கு வந்தேன். மில் ஓடும்போது நான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரைக்க வந்தவர்களெல்லாம் நம் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டு, மாவையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆகவே கரண்ட் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறோம். கடிதம் பாதியில் நின்றால் கரண்ட் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் நீ நர்ஸாக இருந்தபோது சம்பளக் கணக்கு உங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. கார்டு மட்டும் ஒரே சட்டைப் பையில் இருந்தது. மொபைல் ரிப்பேர் கடை வைத்தான், மூடினான். கோழிப் பண்ணை வைத்தான், கோழிகள் கண்ணை மூடின. அவன் கெட்டவன் இல்லை அம்மா. கையில் காசைப் பார்த்தால் அவனுக்கு ஒரு யோசனை வந்துவிடும், அவ்வளவுதான். வாலுவை உன்னிடம் கூட்டிக்கொள்ள வேண்டுமானால் உன் பெயரில் ஒரு கணக்கில் பணம் ஆறு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும் என்று வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது சொன்னாய். அசையாமல் கிடக்க ஓர் இடம் கிடைத்ததா? அதை எழுது. பதில் போட வேண்டிய முகவரி, மில் முகவரி.

இன்னொரு பழைய பாக்கி. ஸ்டேஷன் வாசலில் நான் நடத்திய சைக்கிள் ஸ்டாண்டின் டோக்கன்களை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு எழுத்து வராது என்பதால் தகரத்துண்டில் படம் வரைந்து வைத்திருந்தேனே, அவைதான். ஒன்று மட்டும் குறைகிறது. நீ நர்ஸ் படிப்புக்கு ரயில் ஏறிய நாள் முதல் அந்தப் படம் உனக்குத்தான். வண்டியை எடுக்க வரும்போது உன்னிடம் டோக்கன் கேட்டதே இல்லை. முகத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்து நிறுத்திவிடுவேன். கல்யாணத்துக்கு முதல் நாள் வண்டியோடு டோக்கனையும் கொண்டுபோய்விட்டாய். மருமகள் ஆகிவிட்டாய் என்பதால் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

இப்படிக்கு,
மாமா

கீழே இருப்பது என் கட்டைவிரல்தான். மாவு ஒட்டியிருக்கிறது.


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் மடியில் மாவு கொட்டியது. தட்டிவிட மனம் வரவில்லை. உங்கள் மருமகள் சுகமாக இருக்கிறேன்.

கணக்கு தொடங்கிவிட்டேன். அது ஒரு பெரிய கூத்து. வங்கியில், நீங்கள் வெளிநாட்டவர், எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். வீடு பார்க்கப் போனால், வாடகை வங்கி வழியாகத்தான், முதலில் கணக்கைக் கொண்டு வா என்றார் வீட்டுச் சொந்தக்காரர். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலோ கணக்கு எண் இல்லாமல் சம்பளம் போட முடியாதாம். மூன்று பேரும் தன்மையாகத்தான் பேசினார்கள். தன்மையாகவே என்னைப் பந்து மாதிரி உருட்டினார்கள். கடைசியில் இல்லத்துத் தலைமை நர்ஸ், இவள் எங்கள் மாடி அறையில்தான் தங்குகிறாள் என்று இல்லத்தின் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகும் கேள்விகள். பணம் எங்கிருந்து வரும், எங்கே போகும், வேறு நாட்டில் வரி கட்டுகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் அவர்கள் மொழியிலேயே பதில் சொன்னேன் மாமா. தப்பும் தவறுமாகத்தான், ஆனால் நானே சொன்னேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். என் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் இவர் பெயர் இருக்கிறது அல்லவா? இங்கே பின்னால் வருவதுதான் முக்கியப் பெயர். காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது கவுண்டரிலிருந்து உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவர் எப்போது வந்தார் என்று வாசலைப் பார்த்தேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். பிறகுதான் புரிந்தது, அது நான்தான்.

கார்டு தபாலில் வந்தது. அதற்கான ரகசிய எண் பல நாள் கழித்துத் தனி உறையில் வந்தது. இரண்டும் ஒரே ஆள் கையில் சிக்கக் கூடாதாம். எல்லாம் மறந்துபோனால் கேட்பதற்கென்று ஒரு கேள்வியையும் பதிலையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா பெயர், பிறந்த ஊர், படித்த பள்ளி என்று மாதிரி காட்டினார்கள். அதெல்லாம் இவருக்குத் தெரியும். அதனால் நானே ஒரு கேள்வி எழுதினேன்: 'சைக்கிள் ஸ்டாண்டில் எனக்குக் கொடுத்த படம் எது?'

பதில் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இங்கே எழுதவில்லை. மில்லம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

வாலுவுக்குத் தலை வாரும்போது காதுக்குப் பின்னால் பாருங்கள், சோப்பு நுரை நிற்கும்.

அன்புடன்,
மருமகள்

டோக்கன் என் பர்ஸில் இருக்கிறது. தருவதாக இல்லை.


மே 30

அன்பு மருமகளுக்கு,

மில்லம்மா படித்து முடித்ததும், மறுபடியும் முதலிலிருந்து படி என்றேன். 'கரண்ட் வந்துடுச்சு மாமா, ஆளுங்க நிக்கிறாங்க' என்றாள். நிற்கட்டும் என்றேன். பேச்சே புதிதான ஓர் ஊரில், உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறவர்களுக்கு எதிரில், ஒருத்தி தனியாக உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறாள். அவள் என் மருமகள். நின்றவர்களிடம் இதையும் சொன்னேன். கணக்கு விஷயத்தைச் சொல்லவில்லை, பயப்படாதே. கெட்டிக்காரி என்று மட்டும் சொன்னேன்.

உனக்கு அப்போதே அந்தக் குணம் உண்டு. மற்றவர்கள் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஓடுவார்கள். நீ பூட்டுவாய், இரண்டடி போவாய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாய். பச்சை வண்டி, பின் மட்கார்டில் ஒரு நசுக்கல், செயினை மூடும் தகட்டில் ஓர் ஆணி குறைவு. மழை நாளில் சீட்டுக்கு மருந்துக்கடை உறை ஒன்றை மாட்டுவாய். என்றைக்காவது இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டாமல் கிடக்காது என்று அன்றைக்கு நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

வங்கிக்காரன் செய்வதும் நம் ஸ்டாண்ட் வேலைதான் போலிருக்கிறது. ஒரு தடவை ஒருத்தன் வந்து, தன் பெண்டாட்டி வண்டியைக் கொடு என்றான். 'விட்டவங்க வந்தாதான் வண்டி' என்றேன். 'நான் அவ புருஷன்யா' என்றான். 'வண்டிக்கு அது தெரியாதே' என்றேன். சட்டையைப் பிடித்தான். பட்டன் போனது, வண்டி போகவில்லை. சாயங்காலம் அந்தப் பெண் வந்து, பட்டனைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இங்கே செய்தி: உன் வீட்டுக்காரனுக்கு இப்போது லோடு வண்டி யோசனை. பழைய வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறான். புரோக்கரைக் கூட்டிவந்து வாசலில் வைத்துப் பேசுகிறான். என் சம்சாரம் அங்கே சம்பாதிக்கிறாள் என்று சொல்லும்போது குரல் நிமிர்ந்து நிற்கிறது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு உன்னைப் பில் கட்டச் சொல்லுவான்.

காதுக்குப் பின்னால் பார்த்தேன். நுரை இருந்தது.

மாமா


ஆகஸ்ட் 12

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன்.

போன மாதம் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு கார்டைக் கொடுத்தால் செல்லவில்லை. மறுபடி தேய்த்தார்கள், செல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அதுதான் அதிகமாகச் சுட்டது. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வங்கிக்குப் போனேன். இங்கே வெளிநாட்டவருக்குத் தங்கும் அனுமதிச் சீட்டு உண்டு. அதைப் புதுப்பித்தால் வங்கிக்கும் காட்ட வேண்டும். நான் புதுப்பித்திருந்தேன், காட்டவில்லை. அதனால் கணக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். காட்டினேன், திறந்துவிட்டார்கள். இனி மறக்க மாட்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கவுண்டரில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். வெளிநாட்டிலிருந்து யாரோ என் கணக்குக்குள் நுழையப் பார்த்திருக்கிறார்கள். என் பிறந்த தேதி சரி, பாஸ்போர்ட் எண் சரி. கேள்வியில் வந்து நின்றுவிட்டார்களாம். 'மணி' என்று போட்டிருக்கிறார்கள். 'பூட்டு' என்று போட்டிருக்கிறார்கள். 'சக்கரம்' என்று போட்டிருக்கிறார்கள். தப்பானதும் அது தானாகவே மூடிக்கொண்டது.

தப்பு என் பேரிலும் உண்டு. வங்கிக்கு நான் கொடுத்த மின்னஞ்சல் பழையது. அது நம் வீட்டுப் போனிலும் திறந்தபடி கிடக்கிறது. வங்கி எனக்கு அனுப்பியதெல்லாம் அங்கேயும் வந்திருக்கும். நான் யாரையும் சொல்லவில்லை மாமா. சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

இன்னும் கொஞ்ச நாள் பணம் அசையாமல் இருந்தால் வாலுவுக்கு விண்ணப்பம் போடலாம். இடையில் குறைந்தால் மறுபடி முதலிலிருந்து.

மின்னஞ்சலை மாற்றிவிட்டேன். கேள்வியையும் மாற்றிக்கொள்கிறீர்களா, பதில் தெரிந்தவர் யாரானாலும் போன் செய்தே திறந்துவிடலாம் என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவர் உங்கள் பிள்ளை. ஒரே கூரையில் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

மருமகள்


செப்டம்பர் 2

அன்பு மருமகளுக்கு,

நீ கேட்காதது நல்லது. கேட்டிருந்தால் நீ சொல்லித்தான் செய்தேன் என்று ஆகியிருக்கும். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே இங்கே நடந்து முடிந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் உன் வீட்டுக்காரன் தன் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்தான், போன் கையில். நம் ஸ்டாண்டைப் பற்றி, பழைய ஆட்களைப் பற்றி, சுற்றி வளைத்துப் பேசினான். நானும் டீயைக் குடித்துக்கொண்டே சுற்றினேன். பிறகு கேட்டான்.

"அப்பா, அவளுக்கு எந்தப் படம் போட்ட டோக்கன் குடுப்ப?"

"எதுக்குடா?"

"சும்மாதான். வாலுவுக்குக் கதை சொல்ல."

அந்தப் படம் என் கண் முன்னால் நிற்கிறது அம்மா. நான் வரைந்தது. ஒரு பக்கம் கோடு வளைந்து போனது, தகரத்தின் முனையைக் கல்லில் தேய்த்தது, எல்லாம் நிற்கிறது. டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஞாபகம் இல்லப்பா."

அவன் சிரித்தான். "உனக்கா? எவன் எந்த வருஷம் பெல் மாத்தினான்னு சொல்ற ஆளுக்கா?"

"வயசாச்சுடா."

மறுநாளும் கேட்டான். குடையா, மீனா, சாவியா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என் முகத்தைப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விழித்தேன். அதற்கடுத்த நாள் வாலுவின் பள்ளிக்கூடம் எந்தத் தெரு என்று அவன் கேட்டபோது அதையும் தெரியாது என்றேன். ஒன்றை மட்டும் மறந்தால் நம்ப மாட்டான் அல்லவா?

நம்பிவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று. உன் வீட்டுக்காரன் பயந்துபோய் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. இன்றைக்கு என்ன கிழமை என்றார். வெள்ளி என்று தெரியும், திங்கள் என்றேன். மூன்று சாமான் பெயர் சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். நாற்காலி என்று ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே பார்த்தேன். கத்தரிக்கோல், நாற்காலி, எலுமிச்சம்பழம். இந்த ஜென்மத்தில் மறக்காது.

அவனோடு வெளியே வந்தேன். ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். நடுரோட்டில் நின்று கேட்டான்: "என்னையாவது தெரியுதாப்பா?"

அந்த இடத்தில் உடைந்திருப்பேன். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தான், பிழைத்தேன். "உன்னைத் தெரியாமலாடா" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது தெருவெல்லாம் பேச்சு: பெரியவருக்குப் புத்தி மங்கிவிட்டதாம். முன்பெல்லாம், எங்க அப்பா எந்த வருஷம் போனார், மாமா என்று கேட்டுவந்தவர்கள் இப்போது என் பெயரை எனக்கே சத்தமாகச் சொல்லிக் காட்டுகிறார்கள். சிரிப்பாகவும் இருக்கிறது, வேறு மாதிரியாகவும் இருக்கிறது. டாக்டர் ஞாபகத்துக்குக் கொடுத்த மாத்திரையைத் தொட்டிச் செடிக்குப் போடுகிறேன். செடி அமோகமாக இருக்கிறது. தண்ணீர் ஊற்ற நேரமானால் என்னை அதுதான் கூப்பிடும் போலிருக்கிறது.

கேள்வியை மாற்றவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மில்லம்மா படித்ததும் நான் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

மாமா

எழுதுகிறவள் சேர்ப்பது: நானும் அந்தப் படம் என்னவென்று கேட்டுப் பார்த்தேன். என்னிடமும் ஞாபகம் இல்லை என்கிறார். கல்லுளிமங்கன்.


நவம்பர் 17

அன்புள்ள மாமாவுக்கு,

அனுமதி வந்துவிட்டது. வாலு என்னிடம் வரலாம். ஜனவரியில் விடுப்பு, நானே வந்து அழைத்துப்போகிறேன்.

வங்கியில் இருப்புச் சான்று வாங்கப் போனபோது அதே பெண்தான் இருந்தாள். தாளை நீட்டும்போது, உங்கள் கேள்வியை நீங்கள் மாற்றவே இல்லை என்றாள். மாற்ற வேண்டியிருக்கவில்லை என்றேன். மறுபடியும் உங்கள் பிள்ளை பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வாசலைப் பார்க்கவில்லை. முதல் தடவையிலேயே எழுந்து போனேன்.

உங்கள் கடிதத்தை இல்லத்தில் போர்வைகள் அடுக்கும் அறையில் நின்று படித்தேன். இங்கே நிஜமாகவே நினைவு போனவர்களுக்குத் தினமும் சோறூட்டுகிறேன் மாமா. பெற்ற பிள்ளை எதிரில் நின்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைத் தெரிந்தே உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். எனக்காகவும் வாலுவுக்காகவும் உங்களிடம் இருந்த ஒரே சொத்தை, ஊரே மெச்சிய ஞாபகத்தை, விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

இனி யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை. அவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குக் கோபம் வந்தால் என் மேல் வரட்டும். வந்ததும் நேரில் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் பழையபடி இருங்கள்.

வாலு இல்லாத வீட்டில் உங்களை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதையும் நேரில் பேசுவோம்.

அன்புடன்,
மருமகள்


டிசம்பர் 6

அன்பு மருமகளுக்கு,

சந்தோஷம். மில்லம்மா அதைப் படித்ததும் அரைக்க நின்றவர்களுக்கெல்லாம் இன்றைக்குக் கூலி வேண்டாம் என்றாள். கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னாள், விவரமானவள்.

சொல்லிவிடுங்கள் என்கிறாய். நான் சொல்லப்போவதில்லை. கேள்.

லோடு வண்டி யோசனை நின்றுபோனது. புரோக்கர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். உன் வீட்டுக்காரன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதே வண்டியை வாங்கினவனிடமே டிரைவராகச் சேர்ந்துவிட்டான். மாதச் சம்பளம். யோசனை வர நேரமில்லை. காலையில் கிளம்புமுன் என் செருப்பை வாசலில் நான் மாட்டிக்கொள்ள வாகாகத் திருப்பி வைக்கிறான். சட்டைப் பையில் வீட்டு விலாசம் எழுதிய சீட்டைச் செருகுகிறான். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதைக்கூட மறந்துவிட்டான், பாவம். சாயங்காலம் வந்து, இன்றைக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டு, நான் தப்பாகச் சொல்வதைப் பொறுமையாகத் திருத்துகிறான். அவனுக்கு இவ்வளவு பொறுமை இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. இப்போது போய், எல்லாம் நடிப்புடா என்றால் அந்தப் பிள்ளை திரும்பக் கிடைப்பானா? நான் இப்படியே இருந்துகொள்கிறேன்.

நீ வந்து அவனிடம் பேசும்போது கணக்கு உன்னுடையது என்று நேராகச் சொல். உனக்குச் சொல்லத் தெரியும். என்னைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

வாலு இல்லாத வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நானும் நினைக்காமல் இல்லை. ராத்திரி அவள் என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அங்கே அவளுக்கு உன் காது இருக்கும். என் காதை இனி உன் வீட்டுக்காரன் திருகட்டும்.

அவளுக்கும் விஷயம் எட்டிவிட்டது. தாத்தா, அம்மா டோக்கனில் என்ன படம் என்று கேட்டாள். உங்க அம்மாவையே கேள் என்றேன்.

கடைசியாக ஒன்று. ஜனவரியில் வரும்போது பர்ஸில் இருக்கும் டோக்கனைக் கொண்டு வா. அதைக் கையில் வாங்கிய பிறகுதான் குழந்தையை அனுப்புவேன். முன்பெல்லாம் உன் முகம் போதும் என்று விட்டேன். இப்போது அப்படி விட முடியாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், நான்தான் மறதிக்காரன் ஆயிற்றே.

பார்த்துவிட்டு உன்னிடமே திருப்பித் தந்துவிடுவேன்.

மாமா